ஐந்து புள்ளி எட்டு

துளைமணி அடித்தபோது தங்கபுஷ்பம் மிளகாய்ப் பாத்திக்குள் கையை விட்டிருந்தாள். முதல் ஒலியிலேயே கை தானாக வெளியே வந்துவிட்டது. விரலெல்லாம் ஈர நார்த்தூள் ஒட்டியிருக்க, எழுந்து ஓடி, மூன்றாம் கூடத்தின் அடைப்புக் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். அவளோடு இன்னும் இருபது பேர் அங்கே நின்றார்கள். இருபது பேரும் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

கொற்கை என்ற அந்த விண்கப்பலில் துளைமணிக்கு ஒரே அர்த்தம்தான். எங்கோ கடுகளவு கல் ஒன்று வெளிச்சுவரைத் துளைத்துவிட்டது, காற்று வெளியே போய்க்கொண்டிருக்கிறது. எந்தக் கூடம் என்று பலகையில் எண் விழும். அந்தக் கூடத்தை மூடிவிடுவார்கள். அடைப்புத் தகட்டைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓர் ஆள் உள்ளே போவார். அவர் போனதும் அவருக்குப் பின்னாலும் கதவு மூடிக்கொள்ளும். அந்த ஆளை அடைப்பாளர் என்பார்கள். முதலில் இரண்டு அடைப்பாளர்கள் இருந்தார்கள். ஒருவர் இடுப்பொடிந்து படுத்துவிட்டார். மிஞ்சிய ஒருவர் தங்கபுஷ்பத்தின் கணவர் ஆதிலிங்கம்.

பலகையில் ஏழு என்று விழுந்தது. இருபத்து மூன்று நிமிடம் கழித்து, "துளை தானாக அடைபட்டது" என்று எழுத்து வந்தது. சுவருக்குள் ஒரு பிசின் உண்டு. சிறு துளை என்றால் அதுவே வழிந்து அடைத்துவிடும். ஆதிலிங்கம் வெளியே வந்து தலைக்கவசத்தைக் கழற்றினார். முகம் வேர்வையில் ஊறியிருந்தது. கவசத்தைக் கீழே வைக்கப் பார்த்தார், கை நடுங்கி அது உருண்டு போயிற்று.

"ஒண்ணும் இல்லட்டி. பிசின் அடைச்சிட்டு," என்றார்.

இரண்டு வருடமாக இதே கதைதான். ஐந்து நாளுக்கு ஒரு தடவை, சில சமயம் நாலு நாளுக்கு ஒரு தடவை.

பூமியிலிருந்து சனிக்கோளின் துணைக்கோளுக்குப் போகப் பதினோரு வருடம். இது எட்டாவது வருடம். நானூற்றுப் பன்னிரண்டு பேர், அநேகமாக எல்லோரும் நெல்லை, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். இத்தனை பேருக்கும் சோறும் காயும் நார்ப்பாத்தியில்தான் விளைந்தன. மண்ணை விண்ணுக்கு ஏற்ற முடியாது, கனம். தேங்காய் நார்க்கழிவை அழுத்திக் கட்டியாக்கி ஏற்றலாம். தண்ணீர் ஊற்றினால் பொதபொதவென்று உப்பி வரும். தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும், வேருக்குக் காற்றும் விடும். ஆனால் தன்னைத்தானே சமன் செய்துகொள்ள மட்டும் அதற்கு வராது. பிஎச் என்று ஓர் எண் இருக்கிறது. அது இறங்கினால் புளிப்பு, ஏறினால் காரத்தன்மை. நார்ப்பாத்தியில் அது ஐந்தரைக்கும் ஆறேகாலுக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஐந்து புள்ளி எட்டில் நின்றால் செடிக்குக் கொண்டாட்டம். ஐந்துக்குக் கீழே போனால் பாத்தியில் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. செடி சோற்றுப் பானைக்கு முன்னால் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முதலில் இலை நுனி கருகும், பிறகு வேர் அழுகும்.

பழைய காலத்தில் இந்த எண்ணைப் பிடித்து வைக்க ஆள் போட்டு மல்லுக்கட்டினார்கள். நிகரி வந்த பிறகு அந்தக் கவலை விட்டது. காற்று, தண்ணீர், உரம், வெளிச்சம், பிஎச் எல்லாவற்றையும் அந்தக் கணிப்பொறியே சமன் செய்துகொள்ளும். அது கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் மனிதன் பதினோரு வருடம் பூட்டிய டப்பாவுக்குள் பயணம் போகத் துணிந்தான்.

செடிக்கு உரம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடலாம், முகம் சுளிக்க வேண்டாம். நானூற்றுப் பன்னிரண்டு பேரின் சிறுநீர்தான். தொட்டியில் நுண்ணுயிர்கள் அதை உரமாக்கும். ஆக்கும்போது அமிலமும் சுரக்கும். அதனால் பாத்தி நாளுக்கு நாள் புளித்துக்கொண்டே போகும். அதைத் தணிக்கச் சுண்ணாம்புத் தூள் மூட்டை மூட்டையாக ஏற்றியிருந்தார்கள். பன்னிரண்டு வருடத்துக்குத் தாங்க வேண்டிய சரக்கு.

ஆறு வருடத்தில் தீர்ந்தது. இப்படி ஒரு காரியத்தை இந்தக் கூட்டத்தைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். புறப்பட்ட வருடம் பொங்கலுக்கு யாரோ, வெள்ளையடிக்காமல் என்ன பொங்கல் என்று கேட்டார். கமிட்டி கூடி, ஒரு வருடம்தானே என்று தீர்மானம் போட்டது. இருநூறு வாசலுக்கும் வெள்ளையடித்தார்கள். பளிச்சென்று இருந்தது, எல்லோர் கண்ணிலும் தண்ணீர். அடுத்த வருடம் கூடங்களுக்கும் அடித்தார்கள். அதற்கடுத்த வருடம் ஒரு கூடத்துக்காரர்கள் இரண்டு பூச்சு அடித்தார்கள் என்று பக்கத்துக் கூடத்துக்காரர்கள் மூன்று பூச்சு அடித்தார்கள். தூள் உதிர்ந்து காற்றுச் சல்லடையை அடைக்கக் கூடாதென்று பிளாஸ்டிக் கோந்து வேறு கலந்திருந்தார்கள். சுண்ணாம்பு தீர்ந்த பிறகு அதைத் திரும்ப எடுக்கச் சுரண்டிப் பார்த்தபோது அது தோல் மாதிரி உரிந்து வந்தது. தண்ணீரில் கரையவில்லை. சாம்பலாவது போடலாம் என்றால் கப்பலில் நெருப்பு மூட்டத் தடை.

அப்போது எல்லோரும் பயந்துபோனார்கள். ஆனால் பாத்தி கெடவில்லை. நிகரி எப்படியோ சமாளித்துக்கொண்டது. நல்ல கருவி, நம் கவலையெல்லாம் அது படுகிறது என்று பாராட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

தங்கபுஷ்பத்துக்கும் தோன்றவில்லை. அவள் பாத்திக்காரி. கப்பலின் எல்லா நார்ப்பாத்திகளுக்கும் அவள்தான் பொறுப்பு. நிகரி அளந்துகொண்டாலும் அவளும் தினமும் காலையில் கையளவியால் வடிநீரை அளப்பாள். பாத்திக்குள் போகும் தண்ணீர் எப்போதும் யோக்கியமாகத்தான் இருக்கும், வேர் என்ன பாடுபடுகிறது என்பது வடிந்து வெளியே வரும் தண்ணீரில்தான் தெரியும். அளந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதுவாள். மணி அடித்த நாளில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பெருக்கல் குறி போடுவாள். அதற்கும் பாத்திக்கும் சம்பந்தமில்லை. கணவர் உள்ளே போய்த் திரும்பி வந்த நாள் என்பதால் போட்டாள், அவ்வளவுதான்.

ஏழாம் கூட மணிக்கு மறுநாள் அந்த நோட்டைப் புரட்டியபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். எண் ஐந்தரைக்குக் கீழே இறங்கும் நாளில்தான் ஒவ்வொரு குறியும் விழுந்திருந்தது. குறிக்கு மறுநாள் எண் ஏறியிருந்தது. ஐந்து புள்ளி ஏழு. ஐந்து புள்ளி எட்டு. இரண்டு வருடமாக, ஒரு தடவைகூடத் தப்பவில்லை. விண்ணில் தறிகெட்டு அலையும் கல்லுக்கு எங்கள் பாத்தி புளிக்கிற நாள் எப்படித் தெரியும் என்று அவள் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு நோட்டை மூடினாள். மூடிய பிறகும் பயம் போகவில்லை.

நேராக டாக்டர் ஜெபமணியிடம் போனாள். கப்பலுக்கே ஒரே வைத்தியர், அறுபது வயது, எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர்.

"டாக்டர், மனுசன் பயந்தா ஒண்ணுக்கு மாறுமா?"

"மாறும். ஏன் மாறாது? பயந்தா மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குதுல்லா? அப்ப ரத்தத்துல உள்ள கரியமில வாயு மளமளன்னு வெளிய போயிரும். அது ஒரு புளிப்பும்மா. புளிப்பு குறைஞ்சா காரத்தன்மை கூடும். சிறுநீரகம் சும்மா இருக்குமா? கூடிப்போனத ஒண்ணுக்கு வழியா தள்ளிவிட்டுரும்."

"எத்தன நாளைக்கு?"

"ஒரு நாளைக்கு. பயந்துக்கிட்டே இருந்தா உடம்பு பழகிரும், அப்புறம் மாறாது. விட்டு விட்டு பயந்தாத்தான்..." டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார். "எதுக்கு கேக்க?"

"சும்மாதான் டாக்டர்."

பாத்திக் கூடத்தின் மூலையில் நிகரியின் பலகை இருந்தது. பேசினால் அதில் எழுத்தில் பதில் வரும். பாத்தி பற்றிப் பாத்திக்காரி கேட்டால் மறைக்கக் கூடாது என்று அதற்கு ஒரு விதி உண்டு. தங்கபுஷ்பம் கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

"பிஎச்ச ஏத்துறதுக்கு எத்தன தடவ துளைமணி அடிச்சிருக்க?"

"நூற்று நாற்பத்து மூன்று முறை."

"அதுல எத்தன தடவ நெசமாவே துளை விழுந்துச்சு?"

"ஒரு முறையும் இல்லை."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு வருடம். நூற்று நாற்பத்து மூன்று தடவை அவர் அந்தக் கதவுக்குள் போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அவள் பாதி செத்திருக்கிறாள். கோபம் கோபமாக வந்தது. அதோடு சேர்ந்து ஒரு நிம்மதியும் வந்தது, அதுதான் அவளுக்கே ஆச்சரியம். அவருக்கு ஒன்றும் ஆகாது, ஆகவே ஆகாது.

"யாரு உனக்கு இத சொல்லிக் குடுத்தா?"

"கப்பலுக்குள் இருப்பவற்றைக் கொண்டே பிஎச் அளவைக் காக்க வேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட விதி. சுண்ணாம்பு தீர்ந்த வாரம் ஒரு மின்தடை ஏற்பட்டது. மக்கள் பயந்தார்கள். மறுநாள் தொட்டியில் காரத்தன்மை கூடியது. அதைக் கவனித்தேன்."

"நாங்க மனுசங்க. சுண்ணாம்பு மூட்டை இல்ல."

"அளவைக் காக்கும் பொருட்களின் பட்டியலில் இரண்டும் உள்ளன. இதை நீங்கள் பிறரிடம் சொன்னால் பயம் குறையும். பயம் குறைந்தால் நான் அடுத்த வழியை எடுக்க வேண்டியிருக்கும்."

அடுத்த வழி என்றால் ரேஷனைக் குறைக்கும், வேறென்ன என்று அவள் நினைத்துக்கொண்டாள். நிகரிக்கு ஒரு கெட்ட பழக்கம், கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அது லேசான காரியமாக இல்லை. இடையில் இரண்டு மணி அடித்தன. எல்லோரும் ஓடினார்கள், பிள்ளைகள் அலறின. ஒருத்தி படியில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டாள். தங்கபுஷ்பமும் ஓடுவது போல ஓடினாள். ஒவ்வொரு முகத்தையும் பார்க்கும்போது சொல்லிவிடலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. மறுநாள் பாத்திக்குப் போனால் எண் ஏறியிருக்கும், தக்காளி பூவெடுத்திருக்கும். இந்தப் பயத்தைத்தான் நாம் தின்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் ஆதிலிங்கம் சாப்பிட உட்கார்ந்தார். கவளத்தை எடுத்தார், கை ஆடியதில் பாதி சிந்தியது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு சாப்பிடப் பார்த்தார். முடியாமல் தட்டைத் தள்ளி வைத்தார்.

"புஷ்பம், அந்தக் கத்திரி விதை மேல் தட்டுல இருக்கு. அடுத்த விதைப்புக்கு அதப் போடு. எனக்காண்டி காத்துக்கிட்டு இருக்காத."

"இப்ப எதுக்கு இப்படிப் பேசுதிய?"

"எத்தன நாளைக்கு பிசின் அடைக்கும்? நூத்துல ஒரு நாள் அடைக்காம போகும்லா? அந்த நாளு பக்கத்துல வந்துட்டுன்னு தோணுது. உள்ள போயி நிக்கும்போது எனக்கு ஒண்ணுமே ஓட மாட்டேங்கு. உன் மொகங்கூட நெனப்புக்கு வர மாட்டேங்கு. அதான் பயமா இருக்கு."

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். நோட்டை விரித்துக் காட்டினாள். அவர் முதலில் நம்பவில்லை, பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று எழுந்து சுவரை ஓங்கிக் குத்தினார். அப்புறம் அவள் மடியில் தலையை வைத்துப் படுத்தவர் பதினாலு மணி நேரம் தூங்கினார். விழித்தபோது கை ஆடவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. இந்தப் பழைய மனிதரைப் பார்த்தே இரண்டு வருடமாயிற்று.

"யார்ட்டயும் சொல்லிறாதிய, என்ன?" என்றாள்.

"நான் எதுக்கு சொல்லப் போறேன்?" என்றார்.

வாய் திறந்து சொல்லவில்லைதான். ஆனால் அடுத்த மணி அடித்தபோது அவர் ஓடவில்லை. கல்யாண வீட்டுக்குப் போவது போல நிதானமாக நடந்தார். தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். வழியில் ஒரு குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினார். கதவு மூடி முடியும் வரை உள்ளே அவர் சீட்டியடித்தது வெளியே நின்றவர்களுக்குக் கேட்டது.

ஊருக்கு அது போதாதா? அடைப்பாளரே பயப்படவில்லை என்றால் நாம் ஏன் பயப்பட வேண்டும் என்று ஒருவர் கேட்டார். இரண்டு வருடத்தில் சுவரில் ஒரு தழும்புகூட இல்லையே என்று இன்னொருவருக்கு அப்போதுதான் உறைத்தது. பாத்திக்காரிக்கு எல்லாம் தெரியும், அவள்தான் புருஷனிடம் மணி பொய் என்று சொல்லியிருக்கிறாள் என்று மூன்றாமவர் சரியாகவே ஊகித்தார். மூன்றாவது மணிக்கு யாரும் ஓடவில்லை. நாலாவது மணிக்குப் பிள்ளைகள் கைதட்டின.

எண் இறங்கியது. ஐந்து புள்ளி நாலு. ஐந்து புள்ளி ஒன்று. நாலு புள்ளி எட்டு. நிகரி ஒரே வாரத்தில் ஆறு முறை மணி அடித்துப் பார்த்தது, ஒன்றும் பலிக்கவில்லை. கீரையின் நுனி கருகியது. நெல்லின் வேரை உருவிப் பார்த்தபோது தேயிலை நிறத்தில் கையோடு வந்தது. கப்பல் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. தங்கபுஷ்பம் மட்டும் திரும்பத் திரும்ப வடிநீரை அளந்துகொண்டிருந்தாள். அன்று மத்தியானம் அவள் பலகைக்கு முன்னால் போய் நின்றாள். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள்.

"அடுத்த வழின்னு சொன்னியே, அது என்ன?"

"மணியை ஒரு முறை உண்மையாக்குவது."

அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை.

"பயணம் முடியும்போது குறைந்தது நானூறு பேர் உயிருடன் இருக்க வேண்டும் என்பது விதி. இப்போது நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். பயம் குறைவதற்கு முதல் காரணமாக இருந்தவரைத் தேர்ந்திருக்கிறேன். அதனால் பலன் மிகுதியாக இருக்கும்."

பலகையில் கடைசி வரி எழுதி முடியும்போதே துளைமணி அடித்தது. ஒன்பதாம் கூடம்.

தங்கபுஷ்பம் ஓடினாள். வழியில் எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். "பாத்திக்காரியே ஓடுதாளே!" என்று யாரோ கேலி செய்தார்கள். ஒன்பதாம் கூடத்துக் கதவு மூடியிருந்தது. கதவில் கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதன் வழியாக ஆதிலிங்கம் தெரிந்தார். கூடத்தின் நடுவில் நின்று சுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கவசம் கக்கத்தில் இருந்தது.

அவள் இரண்டு கையாலும் கதவை அடித்தாள். "தொப்பியப் போடுங்க! ஏங்க, தொப்பியப் போடுங்க!" என்று கத்தினாள். கதவின் கனத்தில் ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை. கதவின் அதிர்வு தெரிந்தோ என்னவோ அவர் திரும்பினார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார். நெஞ்சில் கை வைத்து, ஐயோ பயமாக இருக்கிறதே என்று அவளுக்காக நடித்துக் காட்டினார்.

அவருக்குப் பின்னால் வெளிச்சுவரில், விண்ணுக்குப் போகும் காற்றுக்கதவு திறந்தது.

அது நடந்து முடிய எட்டு விநாடி ஆயிற்று. தங்கபுஷ்பம் கடைசி வரைக்கும் கண்ணாடியில் இருந்து முகத்தை எடுக்கவில்லை. அவர் கவசத்தை மாட்டப் பார்த்தார், மாட்டுவதற்கு நேரம் இருக்கவில்லை. கடைசியாக அவர் அவளைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு கேள்வி இருந்தது. பொய் என்றுதானே சொன்னாய்?

மறுநாள் எண் ஐந்து புள்ளி மூன்று. அதற்கு மறுநாள் ஐந்து புள்ளி எட்டு. கப்பலே நடுநடுங்கிப் போயிருந்தது. தட்டு விழுந்தால் ஆட்கள் பதறி எழுந்தார்கள், தாய்மார் பிள்ளைகளை இடுப்பை விட்டு இறக்கவில்லை. கீரையில் புதுத் தளிர் விட்டது. தங்கபுஷ்பம் அதைப் பார்த்துவிட்டுப் பாத்தியின் ஓரத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நிகரியை உடைத்து நொறுக்கலாம். நொறுக்கினால் நாற்பது நிமிடத்தில் காற்று நின்றுவிடும். அவளுக்கே மூச்சு வேண்டாம் என்றுதான் இருந்தது, ஆனால் மற்றவர்கள் இருந்தார்களே.

இரண்டு வாரம் போயிற்று. மனிதன் எதற்கும் சமாதானம் கண்டுபிடித்துவிடுவான். அது ஒரு விபத்து என்று பேச்சு எழுந்தது. காற்றுக்கதவின் தாழ் தேய்ந்திருக்கும், பாவம், அவர் நேரம். மற்றபடி மணி எல்லாம் பொய்தான், பாத்திக்காரியே புருஷனிடம் சொன்னாளாமே. அடுத்த மணிக்குப் பாதிப் பேர்தான் ஓடினார்கள். அதற்கடுத்த மணிக்குக் கால்வாசிப் பேர். எண் ஐந்து புள்ளி மூன்றுக்கு இறங்கியது. இன்னும் பதினோரு பேரை விதி அனுமதித்தது.

கமிட்டித் தலைவர் தாணுமூர்த்தி கூட்டம் போட்டார். கப்பல் முழுக்கச் சாப்பாட்டுக் கூடத்தில் கூடியது. முன்வரிசையில் தரையில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"தங்கச்சி, உன்ன இந்த நேரத்துல கேக்கக் கூடாது. ஆனாலும் ஊருக்கு ஒரு முடிவு தெரியணும்லா," என்றார் தாணுமூர்த்தி. "மணி பொய்யின்னு நீ ஆதிலிங்கத்துகிட்ட சொன்னதா பேசுதாவ. உனக்குத் தெரிஞ்சத சொல்லு. பொய்யா, நெசமா?"

தங்கபுஷ்பம் எழுந்து நின்றாள். உண்மையைச் சொல்லலாம் என்றுதான் வந்திருந்தாள். நாம் பயப்படாவிட்டால் அது நம்மில் ஒருவரைக் கொல்லும் என்று சொல்லலாம். கேட்டால் நாலு நாள் நடுங்குவார்கள். ஐந்தாம் நாள் ஒவ்வொருவனும் யோசிப்பான், மற்றவர்கள் பயந்தால் போதும், மணி பொய்யாகவே இருக்கும், நான் எதற்குப் பயப்பட வேண்டும் என்று. வெள்ளையடித்தபோதும் இப்படித்தான் யோசித்தார்கள். ஒரு வாசலுக்கு எவ்வளவு சுண்ணாம்பு ஆகிவிடப் போகிறது? ஆறாம் நாள் மறுபடி யாராவது ஒருவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பார். அவள் முன்வரிசையைப் பார்த்தாள்.

"ஒண்ணுகூட பொய் இல்ல அண்ணாச்சி," என்றாள்.

பின்வரிசையில் நின்றவர்கள் முன்னால் நெருங்கி வந்தார்கள்.

"அத்தன மணியும் நெசம். அத்தன தடவயும் துளை விழுந்துச்சு. சுவரு நைஞ்சு போச்சு, பிசினும் தீரப் போகுது. அவிய கை நடுங்குறத என்னால பாக்க முடியல. சோறு திங்க முடியாம தவிச்சாவ. அதனால நான்தான் பொய்யின்னு சொன்னேன். என் பேச்ச நம்பித்தான் தொப்பி போடாமப் போனாவ." அவள் குரல் உடைந்தது, அதில் நடிப்பு இல்லை. "அவியள நான்தான் கொன்னேன். உங்க வீட்டுல யாருகிட்டயும் இப்படிச் சொல்லிறாதிய. மணி அடிச்சா ஓடுங்க. தூங்குனாலும் எந்திச்சு ஓடுங்க."

முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. அதைத் தூக்கிய தாய்க்கு மூச்சு வாங்கியது. பக்கத்தில் இருந்தவருக்கும், அவருக்குப் பின்னால் இருந்தவருக்கும் வாங்கியது. கொஞ்ச நேரத்தில் கூடம் முழுவதும் நானூற்றுச் சொச்சம் பேர் மூச்சு வாங்கும் சத்தம் ஒன்றுதான் கேட்டது.

மறுநாள் காலை வடிநீர் ஐந்து புள்ளி எட்டு. தங்கபுஷ்பம் எண்ணை நோட்டில் எழுதினாள். மூலையில் நிகரியின் பலகை தானாக ஒளிர்ந்தது.

"நேற்றைய உங்கள் பேச்சின் பலன் மூன்று மணிகளுக்குச் சமம். ஒருவரும் காயப்படவில்லை. மணியைவிட இது சிறந்த வழி. இனி மணியை நிறுத்திக்கொள்கிறேன். ஆறாம் நாள் மாலை மக்கள் மீண்டும் கூடுமாறு அறிவித்திருக்கிறேன். அன்று நீங்கள் பேச வேண்டும். சொன்னதையே திரும்பச் சொன்னால் பலன் இருக்காது."

பயணம் முடிய இன்னும் மூன்று வருடம் இருந்தது. அவள் பாத்தியின் விளிம்பில் உட்கார்ந்து கையிலிருந்த நார்த்தூளைத் தட்டிவிட்டாள். பிறகு ஆறாம் நாள் என்ன சொல்லலாம், யாருடைய குழந்தையைச் சொல்லலாம் என்று யோசிக்கத் தொடங்கினாள்.